கனம் குறைந்த பெட்டி

தராசு வீட்டில் லாப்டாப் வாங்கப் போகிறார்கள் என்பது எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? எல்லாம் ஒட்டுச்சுவர் வீடுகள். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் இருந்தே தண்ணி வேணுமா என்று கேட்கலாம். போதாததற்கு என் தையல் மிஷினும் அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. காதைப் பொத்திக்கொண்டா தைக்க முடியும்?

தராசு என்பது அவன் பெயர் இல்லை. சரக்குக் கிடங்கில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறவன். பெட்டி தோளுக்கு வந்த மாத்திரத்தில் இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். கிடங்கில் உள்ள எடை மிஷின் பழுதானபோது எடை சொல்ல மேஸ்திரி இவனைத்தான் கூப்பிட்டு நிறுத்தி வைத்தாராம். அன்றிலிருந்து தராசு. எனக்குத் தம்பி முறை ஆகிறவன், அதனால் அவன் இவன் என்றுதான் எனக்கு வாயில் வரும்.

அவனுக்கு ஒரே மகள். தினமும் காலையில் அவள் பள்ளிக்கூடப் பையோடு வாசலுக்கு வந்ததும், இவன் ஒரு விரலைப் பையின் காதில் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பான்.

"ஏழு கிலோ. என்னடி, செங்கல்லா அடுக்கி வெச்சிருக்க?"

"ஆறே முக்கால்ப்பா. நேத்து அத்தை வீட்டுல நிறுத்துப் பாத்தேன்."

"அத்தை வீட்டு மிஷினு பொய் சொல்லும். அத்தை மாதிரியே."

அந்த அத்தை நான்தான். உள்ளே இருந்து கத்துவேன். அவர்கள் இருவரும் சிரிப்பார்கள். எனக்குக் காலை விடிந்தது என்பதே அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான். பிறகு பையை அவனே பஸ் நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போவான். அங்கிருந்து அவளுக்கு இரண்டு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டேதான் பயணம். பை வார் பதிந்து அவள் தோளில் சிவப்பாகத் தடம் விழுந்திருப்பதை, சட்டை அளவெடுக்கும்போது நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது பள்ளியில் எல்லாப் பாடத்தையும் தட்டச்சு செய்து அனுப்பு என்கிறார்கள். வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். அதுவும் மூலையில் விரிசல் விட்டது. அம்மாக்காரி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். மதிய ஷிப்ட் என்றால் போனும் அவளோடு போய்விடும். மகள் பள்ளியிலிருந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அம்மா வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு கட்டைவிரலாலேயே கட்டுரை எழுதி அனுப்புவாள். மறுநாள், தாமதம் என்று டீச்சரிடம் பேச்சு வாங்குவாள். இத்தனைக்கும் நன்றாகப் படிக்கிற பெண். இந்த வருஷ மதிப்பெண்ணை வைத்துத்தான் மேல்வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்களாம். தாமதமாக வந்த கட்டுரைக்கெல்லாம் பாதி மார்க்கு. லாப்டாப் இல்லாவிட்டால் அவள் கேட்ட பிரிவு கிடைக்காது. விஷயம் அவ்வளவுதான்.

சலவைக்கூடத்தில் ஓவர்டைம் பார்த்து அம்மா சேர்த்து வைத்தாள். பணம் தேறியதும் தாயும் மகளும் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். எந்த லாப்டாப் வாங்கலாம் என்று ஒரே அலசல். போனில் வீடியோ போடுகிறவர்களில் ஒருத்தன் இதை வாங்காதவன் ஏமாளி என்பான். அடுத்தவன் வாங்கினவன்தான் ஏமாளி என்பான். கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

"வெல நம்ம கைக்கு அடங்கணும். அதுதான் மொத விஷயம்," என்பாள் அம்மா.

"அடங்குதும்மா. பேட்டரியும் ஸ்கூல் முடியற வரைக்கும் நிக்குதாம். கீபோர்டு நல்லா இருக்காம். எல்லாத்துக்கும் மேல கனமே இல்ல. ஒண்ணேகால் கிலோதான்."

"பெரிய பெரிய வேலையெல்லாம் செய்யாதுங்கறானே அந்த ஆளு?"

"எனக்கு என்ன பெரிய வேலை? நெட்டுல பாக்கணும், எழுதணும், அனுப்பணும். அதுக்கு இது போதும்."

தராசு அதுவரை முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டிலிருந்து நிமிர்ந்தான் போலிருக்கிறது.

"கனமே இல்லாததுக்கு எதுக்குடி அவ்வளவு காசு?"

"கனம் இல்லாம இருக்கறதுக்குத்தான்ப்பா காசே."

"இது என்ன கூத்து? மோட்டார் வாங்குனா கனம் பாத்து வாங்கறோம். இரும்புக் கட்டில் வாங்குனா கனம் பாத்து வாங்கறோம். தையல் மிஷினு லேசா இருந்தா எவனாவது வாங்குவானா? வேணும்னா அக்காவக் கேளு."

"என்னை எதுக்குய்யா இழுக்கற?" என்று சுவரைத் தட்டினேன். ஆனால் அவன் சொன்னதில் தப்பு என்ன என்றும் எனக்குப் பிடிபடவில்லை. என் மிஷினை நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷம் ஓடுகிறது.

அவன் வேலையும் அப்படி. கிடங்கில் ஒரு முறை உண்டு. வழியில் எவனாவது அட்டைப்பெட்டியின் அடியைக் கீறிச் சரக்கை உருவிக்கொண்டு, மறுபடி டேப் ஒட்டி அனுப்பிவிடுவான். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கினால்தான் தெரியும். அப்படிக் கனம் குறைந்த பெட்டி வந்தால் தனியாகப் பிரிக்கக் கூடாது. பிரித்தவன் தலையில்தான் பழி விழும். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டும். இரண்டடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும். நாலு பேர் கண் முன்னால்தான் சீல் உடைக்க வேண்டும். தராசு கூப்பிட்டு அது பொய்யாகப் போனதே இல்லையாம். அவன் குரல் கேட்டால் மேஸ்திரி சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். அம்மாவுக்கு அன்றும் ஷிப்ட். தராசு என்னிடம் வந்து சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிக்கொண்டு போனான். புழுக்கமான நாள். மழை வருவது போல மூடிக்கொண்டு, வராமல் கழுத்தறுத்தது. கடையில் நான் இல்லை. மகள் அழுதுகொண்டே சொன்னதும் அவன் பிறகு வாய்விட்டதும் சேர்ந்ததுதான் இனி நான் சொல்வது.

கடை முழுக்கக் கண்ணாடியும் குளிரும். இவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போக, மகள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மேஜை மேல் வரிசையாக லாப்டாப்புகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பி. இவன் ஒன்று விடாமல் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறான்.

"சார், எடைய வெச்சு வாங்கக் கூடாது சார்," என்று சிரித்தாளாம் விற்கிற பெண்.

"அதுதான்ம்மா நான் பாக்கறதே."

மகள் சொன்ன லாப்டாப்பையும் தூக்கினான். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்ல குட்டிம்மா. நீ சொன்ன அளவுக்கு மோசம் இல்ல. சரக்கு இருக்கு." மகளுக்கும் நிம்மதி. பணத்தைக் கட்டினார்கள். உள்ளேயிருந்து சீல் வைத்த பெட்டி வந்தது. கடைப்பையில் போட்டு மகளிடம் கொடுத்தார்கள். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

பஸ் வரத் தாமதம். "குடு, நான் வெச்சுக்கறேன்," என்று இவன் வாங்கினான். வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

"குட்டிம்மா, இது ரெண்டு கிலோகூட இல்ல."

"இருக்கட்டும்ப்பா."

"என்ன இருக்கட்டும்? மேஜை மேல இருந்தது மட்டுமே மூணு. இதுல பெட்டி இருக்கு, சார்ஜர் இருக்குன்னாங்க. எல்லாம் சேந்து அதவிடக் கம்மியா? உள்ள சரக்கு இல்லடி. உருவிட்டானுங்க."

"அப்பா, வேணாம்ப்பா. வீட்டுல போயி பிரிச்சுப் பாத்துக்கலாம்."

"வீட்டுல பிரிச்சா எவன் நம்புவான்? நம்மதான் எடுத்துட்டோம்னு சொல்லுவான். உங்கம்மா கை தேஞ்சு போற அளவுக்கு மடிச்சு சேத்த காசு. நட."

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறாள். அவன் யார் பேச்சைக் கேட்கப் போகிறான்? அவனுக்கு அது கடையாகத் தெரியவில்லை. கிடங்காகத்தான் தெரிந்திருக்கிறது. நேரே நடுக் கடைக்குப் போனான். பெட்டியைத் தரையில் வைத்தான். இரண்டடி தள்ளி நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க! சாட்சிக்கு நாலு பேரு வாங்க! பெட்டி கனம் கொறையுது!"

லாரி இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் அது. அந்தக் குளிர் அறையில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே உடம்பு கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படியே திரும்பியது. சிலர் போனை நீட்டினார்கள். அந்தக் கூட்டத்தில், பிரிண்டர் அடுக்கியிருந்த பக்கத்தில், தன் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள் மகளின் வகுப்புத் தோழி. மூக்குக்கண்ணாடி போட்ட பெண். இவளைப் பார்த்துக் கையை ஆட்டினாளாம்.

மேலாளர் வந்தார். விற்கிற பெண் பெட்டியின் சீல் டேப்பை அறுத்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே லாப்டாப் இருந்தது. பக்கத்தில் சோப்புக்கட்டி அளவுக்குச் சார்ஜரும் இருந்தது. எல்லாமே இருந்தது.

"சார், மேஜை மேல இருக்கறதுக்கு அடியில இரும்புத் தகடு வெச்சுப் பூட்டியிருக்கோம் சார், யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு," என்றாள் அந்தப் பெண். "அந்தக் கனம்தான் உங்களுக்கு..."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாளாம். சிரித்தது கூட்டம்தான். ஒருத்தர் கைகூடத் தட்டினாராம்.

மேலாளர் மகளைப் பார்த்தார். "பாப்பா, இவர் உங்க அப்பாவா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. கண் தோழி நின்ற பக்கம் போனது. தோழியின் அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு மகளைப் பார்த்தான், அவள் பார்த்த இடத்தையும் பார்த்தான்.

"இல்லீங்க," என்றான். "நான் லோடு தூக்கறவன். அவங்க வீட்டுல தொணைக்கு அனுப்பிவிட்டாங்க. பாப்பாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. தப்பு என்னோடது." பிறகு பெட்டியைக் கவனமாக மூடிக் கையில் எடுத்துக்கொண்டு மகளிடம் சொன்னான்: "வாங்க பாப்பா. நேரமாச்சு."

அவள் வந்தாள். அவ்வளவுதான். இல்லை, இவர் எங்க அப்பா என்று சொல்ல அவளுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நடந்தான். கடைக்காரர்கள் கண்ணில் படும் வரைக்கும்தான் அப்படி வருவான் என்று இவள் நினைத்திருக்கிறாள். தெருமுனை திரும்பிய பிறகும் அவன் கூட வந்து சேரவில்லை. பஸ்ஸிலும் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

வீட்டில் அம்மா ஆசையாகக் கேட்டாள். "எப்படி இருக்கு?"

"இவ சொன்னதுதான் சரி. நல்ல சரக்கு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

மகள் பெட்டியைத் திறக்கவில்லை. சாப்பிடவில்லை. அம்மாவுக்கு எரிச்சல் வந்தது. "என்னடி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? இன்னும் ஒசத்தியா வேணுமா மகாராணிக்கு? என் இடுப்பு ஒடிஞ்சுதான் இது வந்திருக்கு." இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பெண் திட்டு விழட்டும் என்றே உட்கார்ந்திருந்தாள் போல.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தாள், லாப்டாப்புக்கு ஓர் உறை தைத்துத் தரச் சொல்லி. திரைச்சீலைத் துணி மிச்சம் இருந்தது. நான் அளவெடுத்துக்கொண்டே, "என்னடி, தராசு இப்பல்லாம் காலையில பையத் தூக்கறதே இல்ல? சண்டையா?" என்று சும்மாதான் கேட்டேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

எனக்கு அறையவும் கை பரபரத்தது, அணைக்கவும் கை பரபரத்தது. இரண்டையும் செய்யாமல் துணியை வெட்டினேன்.

"போயி அவன்கிட்ட சொல்லேன்டி."

"என்னன்னு அத்தை சொல்றது? அவரு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்காரு. சாப்பிட்டியான்னு கேக்கறாரு. பைய மட்டும் தொட மாட்டேங்கறாரு. நான் நீட்டுனா, நேரமாச்சு, நீயே எடுத்துக்கோங்கறாரு."

"உனக்கு வாய் இருக்குல்ல?"

"அன்னைக்கு இல்லியே அத்தை," என்றாள். "எனக்கே என்னை நெனச்சா அசிங்கமா இருக்கு. அந்த லாப்டாப்பத் தொறந்தாலே அவரு கையக் கட்டிட்டு நின்னதுதான் தெரியுது."

அந்த வாரம் கிடங்கில் வேலை செய்கிற ஒருவர் கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு தைக்க வந்தார். தராசுக்கு என்ன ஆச்சு என்று அவரே என்னிடம் கேட்டார். சந்தேகப்பட்ட பெட்டி வந்தால் முன்பு போலச் சத்தம் போடுவதில்லையாம். மேஸ்திரியிடம் போய், ஒரு தடவை மிஷின்ல வெச்சுப் பாத்துடுங்களேன் என்று காதோடு சொல்கிறானாம். "அந்தக் குரல் இல்லாம குடோனே களையில்லாம கெடக்குக்கா," என்றார் அவர். நான் மடிப்பைத் தைத்துக்கொண்டே இருந்தேன். நடந்ததைச் சொன்னால் ஊர் சிரிக்கும், ஏற்கெனவே ஒரு கடை சிரித்தது போதாதா?

மழை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை நாள் சாயங்காலம் மூக்குக்கண்ணாடித் தோழி மகளோடு வீட்டுக்கு வந்தாள். இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய பாடம் ஏதோ இருந்ததாம். லாப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவது எனக்குக் கேட்டது. அம்மா ஷிப்டில் இருந்தாள். மகள் ரொட்டி சுட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து நாளில் அவள் சிரித்தது அன்றுதான். எனக்கும் மனசு லேசானது.

அப்போது தராசு வேலை முடிந்து வந்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தும் தொப்பலாக நனைந்திருந்தான். தன் வீட்டு வாசலில் கிடந்த புதுச் செருப்பைப் பார்த்தான். ஜன்னல் வழியாக ஒரு பார்வை. உடனே காலைப் பின்னால் வைத்து, சத்தமில்லாமல் என் வாசலுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கறேன்."

"உன் வீடு அங்க இருக்குய்யா."

"குட்டிம்மாவோட சிநேகிதி வந்திருக்கு. போகட்டும்."

"போகலேன்னா? ராத்திரி இங்கயே படுத்துக்குவியா?"

"அந்தப் பொண்ணு என்னைக் கடையில பாத்திருக்குக்கா." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "லோடு தூக்கறவன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நான் பாட்டுக்கு உள்ள போயி உக்காந்தா, புள்ளை பொய்க்காரியாயிடும். பள்ளிக்கூடத்துல தலை காட்ட முடியுமா?"

"பொய் சொன்னது நீதானேடா."

"நான்தான். அதான் வெளிய இருக்கேன்."

என்ன சொல்வது இவனுக்கு? வந்த கோபத்தில் துண்டை எடுத்து அவன் தலையில் வீசினேன். டீயைக் கொண்டுவந்து வைத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். எத்தனை பெட்டி தூக்கின கை. பார்க்கச் சகிக்காமல் நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

மழை கொஞ்சம் விட்டதும் தோழி கிளம்பினாள். வழியனுப்ப மகளும் வெளியே வந்தாள். வந்தவள் என் வாசலில் என் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். என்னோடு ஏதோ பேசுவது போல, "அந்த மூட்டைய நாளைக்கு எடுத்துக்கறேன் அக்கா," என்றான். எந்த மூட்டை? என் வீட்டில் ஏது மூட்டை?

மகளின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டாள்.

"இது... இவரு எங்க அப்பா."

தோழி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரியுமே," என்றாள்.

"இல்ல, அன்னைக்குக் கடையில..."

"கடையிலேயே தெரியும்டி. பெட்டிய கையில தூக்கியே கனம் கொறையுதுன்னாரே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. உங்க அப்பா விரலால தூக்கியே எத்தனை கிலோன்னு சொல்வாருன்னு நீதானே தெனமும் பெருமை பேசுவ? எங்க அம்மாகிட்டகூட, இவருதான்ம்மா அவருன்னு காட்டுனேன்." அவள் இவன் பக்கம் திரும்பினாள். "அங்கிள், என் பை எவ்வளவு இருக்கும், சொல்லுங்களேன்?"

பையை நீட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை, பாவம், வேறு ஒன்றும் நினைக்கவில்லை. தராசு இரண்டு கையையும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

"கை ஈரமா இருக்கும்மா. இன்னொரு நாள் பாக்கலாம்."

தோழி போய்விட்டாள். என் மிஷினை நான் நிறுத்தியிருந்தேன். நிறுத்தியதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் தெருமுனை திரும்பி மறைந்ததும் தராசு கேட்டான். "அந்தப் புள்ளைக்கு அன்னைக்கே தெரியுமாமே. அப்ப நாம ரெண்டு பேரும் யாருக்குப் பயந்து மறைச்சோம்?"

"நீ மறைக்கலப்பா," என்றாள் மகள். "நான்தான் மறைச்சேன். நீ எனக்காகப் பேசுனே, நான் அதைக் கேட்டுக்கிட்டு நின்னேன்." அழுகையில் அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"சரி விடு. உள்ள போ. தூறல் விழுது."

"நீ போப்பா மொதல்ல."

"நீ போ, நான் வரேன்."

"இல்ல, நீ முன்னால போ. நான் பின்னால வரேன்."

அவன் எழுந்து என் வாசற்படி இறங்கினான். இறங்கியவன், பழக்கப்பட்டவன் போல ஒதுங்கி, அவளுக்கு வழி விட்டு நின்றான். அவள் நகரவில்லை. என் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் எத்தனை தூரம்? கை நீட்டினால் எட்டும். அந்தத் தூரத்தைக் கடக்காமல் இருவரும் நின்றார்கள். தூறல் பெரிதானது.

"அட, ரெண்டு பேரும் நனைஞ்சு சாகாதீங்க!" என்று நான்தான் கத்தினேன்.

அதன் பிறகுதான் அவன் முன்னால் போனான். தலை குனிந்தே போனான். என் துண்டைத் திருப்பித் தரவில்லை. நானும் இன்னும் கேட்கவில்லை.